போகிறவருக்கு ஒன்று, இருக்கிறவருக்கு ஒன்று

எந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாலும் முதல் பாடத்திலேயே இரண்டு சொற்கள் வந்துவிடும். ஒருவரைக் கண்டால் என்ன சொல்வது என்பது ஒன்று. பிரியும்போது என்ன சொல்வது என்பது மற்றொன்று. அயர்லாந்தின் சொந்தப் பாஷையான ஐரிஷிலும் அப்படியே. கண்டால் "கடவுள் உனக்கு" என்கிறார்கள். கேட்டவர் சும்மா இருப்பாரா? "கடவுளும் மேரி மாதாவும் உனக்கு" என்று வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறார். இது சுலபமாக மனப்பாடம் ஆகிவிடும். தகராறெல்லாம் பிரியும்போதுதான் வருகிறது.

பிரியும்போது சொல்லும் சொல் 'ஸ்லான்'. தமிழில் எழுதினால் மூன்றே எழுத்து. ஆனால் அதைச் சொல்ல வாயைத் திறக்கும் மாணவனை ஐரிஷ் வாத்தியார் கையமர்த்தி ஒரு கேள்வி கேட்பார்: "புறப்படுவது யார்? நீயா, அவரா?"

அவர் புறப்படுகிறார், நீங்கள் வாசலில் நின்று வழியனுப்புகிறீர்கள் என்றால், 'ஸ்லான் லியத்' என்று சொல்ல வேண்டும். நீங்கள் புறப்படுகிறீர்கள், அவர் வீட்டிலேயே இருக்கிறார் என்றால், 'ஸ்லான் அகத்' என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் விருந்தாளி வீட்டுக்காரரைப் பார்த்து "நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்.

ஆங்கிலத்தின் மூலமாக இதைக் கற்கிறவர்கள் தலையைப் பிய்த்துக் கொள்கிறார்கள். 'குட் பை' என்ற ஒற்றைச் சொல்லில் போகிறவரும் இருக்கிறவரும் ஒன்றாய்க் கரைந்து போகிறார்கள் அல்லவா? தமிழ் தெரிந்த நமக்கு இந்தக் கஷ்டம் பாதிகூட இல்லை. 'லியத்' என்றால் 'உன்னோடு'. 'அகத்' என்றால் 'உன்னிடம்'. ஸ்லான் என்பதற்கு நம்முடைய க்ஷேமம் என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். போகிறவரிடம் சொல்வது, "க்ஷேமம் உன்னோடு வரட்டும்." இருக்கிறவரிடம் சொல்வது, "க்ஷேமம் உன்னிடம் இருக்கட்டும்." ஒன்று கூடவே நடந்து போகிற க்ஷேமம், மற்றொன்று வீட்டில் தங்கி விளக்கேற்றுகிற க்ஷேமம். நம் பெரியவர்கள் கடிதம் எழுதத் தொடங்கும்போது "இங்கு யாவரும் க்ஷேமம், அங்கு உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று இரண்டு இடத்துக்கும் இரண்டு க்ஷேமம் வைத்தார்களே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 'உன்னிடம்' ஐரிஷ்காரர்களுக்கு மிகவும் வேண்டிய சொல். நம்மைப் போலவே அவர்களுக்கும், ஒரு பொருளை வைத்துக் கொண்டிருப்பதைச் சொல்லத் தனி வினைச்சொல் கிடையாது. "என்னிடம் புத்தகம் இருக்கிறது" என்று நாம் சொல்வதையே சொல்லுக்குச் சொல் அவர்களும் சொல்கிறார்கள். நன்றி சொல்வதற்குக்கூட இதேதான். "உன்னிடம் நன்மை இருக்கட்டும்" என்பதுதான் ஐரிஷில் 'தாங்க்ஸ்'. பசியும் துக்கமும் மட்டும் இடம் மாறி ஆளின் தலைமேல் ஏறிவிடுகின்றன. "பசி என்மேல் இருக்கிறது", "துக்கம் என்மேல் இருக்கிறது" என்பார்கள். நன்மை பக்கத்தில் இருக்கிறது, துக்கம் மேலே ஏறி உட்காருகிறது! எந்தப் பாட்டி யோசித்து வைத்தாளோ, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பலரிடம் விடைபெறும்போது 'லியத்' 'லிவ்' ஆகிவிடும். 'அகத்' 'அகிவ்' ஆகிவிடும். நம் 'நீங்கள்' போல மரியாதைக்குப் பன்மை போடுகிற வழக்கம் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையனும் தலைமை ஆசிரியரும் ஒரே 'நீ'தான். தமிழர்களுக்கு முதலில் சற்று நாக்குக் கூசும்.

சரி, அந்த ஸ்லான் என்ற சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். அதன் ஆதி அர்த்தம் 'முழுமை'. உடையாதது, காயம் படாதது. வடமொழியில் 'சர்வ' என்கிறோமே, லத்தீனில் பத்திரமானவரை 'ஸல்வுஸ்' என்றார்களே, இவையெல்லாம் ஒரே பூர்வ வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழியியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். சர்வமும் ஸ்லானும் தூரத்துத் தாயாதிகள்!

குடும்பம் பெரியது. ஸ்லானிலிருந்து வந்த 'ஸ்லான்ச்சே' என்றால் ஆரோக்கியம். டப்ளினில் சுகாதார இலாகாவின் பெயரில் இருப்பதும் அந்தச் சொல்தான். அடுத்த தெரு மதுக்கடையில் கோப்பையை உயர்த்திக்கொண்டு சொல்வதும் அந்தச் சொல்தான். இரண்டு இடத்தில் எது அதிகமாக ஒலிக்கிறது என்று கேட்காதீர்கள். இரட்சகரான ஏசுநாதருக்கு ஐரிஷில் உள்ள பெயர் ஸ்லானிலிருந்து பிறந்தது. கணக்குப் புத்தகத்தில் முழு எண்ணுக்கும் 'ஸ்லான் எண்' என்றே பெயர். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் நம் கணக்கில் முழு எண் அல்லாததற்குப் 'பின்னம்' என்று பெயர். உடைந்த விக்கிரகத்தையும் 'பின்னமான விக்கிரகம்' என்றுதான் சொல்கிறோம். ஆகவே ஐரிஷ்காரர் ஸ்லான் என்று சொல்லும்போது, பின்னப்படாமல் போ, பின்னப்படாமல் இரு என்று சொல்வதாக நாம் அர்த்தம் செய்துகொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தச் சொல்லின் ஆகாரம் நெடில். எழுதும்போது அந்த எழுத்தின் தலையில் சாய்வாக ஒரு கோடு போடுகிறார்கள். அதைப் போட மறந்தால் வம்பு. 'ஷான்' என்பது நம் ஊரில் ராமசாமி மாதிரி அயர்லாந்தில் எங்கும் கிடைக்கிற பெயர். கோட்டை விட்டுவிட்டு எழுதினால் அது 'ஷன்' ஆகி, 'கிழம்' என்ற அர்த்தத்தைத் தந்துவிடும். கம்ப்யூட்டர்கள் அந்தக் கோட்டை விழுங்கிவிடும்போது, இருபது வயதுப் பையன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே நொடியில் கிழமாகி விடுகிறார்கள்.

ஆங்கிலேயர் விடைபெறும்போது 'ஸோ லாங்' என்கிறார்களே, அது ஸ்லானிலிருந்து போனதுதான் என்று ஐரிஷ்காரர்கள் மார்தட்டுவது உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் அகராதிக்காரர்கள் தலையசைக்கவில்லை. ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது, நம் மாதிரி 'சலாம்' போட்டவர்களிடமிருந்து வந்தது என்று வேறு கட்சிகளும் இருக்கின்றன. வழக்கு இன்னும் தீரவில்லை. அதே சமயம், 'ஏராளம்' என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் 'கலோர்' ஐரிஷிலிருந்து போனது என்பதில் சந்தேகம் இல்லை.

போகிறவர், இருக்கிறவர் என்ற கணக்கு எல்லா இடத்திலும் செல்லுமா என்று நீங்கள் கேட்கலாம். தெருவில் இரண்டு பேர் சந்தித்துப் பேசிவிட்டு ஆளுக்கொரு திசையில் போனால்? இரண்டு பேரும் போகிறவர்கள். ஆகவே இரண்டு பேரும் 'லியத்'. டெலிபோனில்? அங்கே யாரும் போகவும் இல்லை, யாரும் வீட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கவும் இல்லை. இலக்கணம் கையை விரித்துவிடுகிறது. ஜனங்கள் வெறும் 'ஸ்லான்' என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள், அல்லது 'ஸ்லான் கு ஃபோல்' என்கிறார்கள். 'இப்போதைக்கு ஸ்லான்' என்று அர்த்தம். இன்று நேரில் பிரியும்போதுகூடப் பலர் வாலைக் கத்தரித்துவிட்டு ஒற்றை ஸ்லானோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அயர்லாந்தில் மோட்டாரில் போகிறவர்கள் ஓர் ஊரைத் தாண்டும்போது சாலையோரப் பலகையில் 'ஸ்லான் அவால்யெ' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 'பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்' என்று அர்த்தம். எத்தனை இதமான வார்த்தை! ஆனால் அதே வார்த்தை வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்துச் சுவர்களில் சித்திரங்களோடு பெரிதாக எழுதப்பட்டபோது அதன் குரலே வேறு. அது பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு எழுதியது. 1969ல் தெருவில் இறங்கிய அந்தப் பட்டாளத்தின் நடவடிக்கை 2007ல்தான் முடிவடைந்தது. "மகராசனாய் வீடு போய்ச் சேர், அப்பா!" என்று நாம் சில பேரை வாசல்வரை கொண்டுவிட்டுச் சொல்வதில்லையா? அந்தத் தொனி. ஒரு வசவுகூட இல்லாமல் ஒரு ராணுவத்தைப் போகச் சொல்லக்கூடிய சொல் அது.

இதுவரை சிரித்துக்கொண்டே வந்தோம். இனி அந்த இரண்டு ஸ்லான்களும் எங்கே அதிகமாக ஒலித்தன என்று பார்க்கவேண்டும்.

அயர்லாந்தின் வடமேற்கில் டானிகால் என்ற ஜில்லா. அங்கே மக்கிஷ் என்ற மலையின் அடிவாரச் சாலையில், ஒரு சிற்றோடையின்மேல் சின்னஞ்சிறு கல் பாலம் இருக்கிறது. பார்த்தால் விசேஷமாக ஒன்றும் இராது. அதற்குப் பெயர் 'கண்ணீர்ப் பாலம்'. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேற டெர்ரி துறைமுகத்துக்கு நடந்து போகிறவர்களோடு, உற்றார் உறவினர் இந்தப் பாலம்வரை வருவார்கள். இதற்கு மேல் வருவதில்லை. இங்கேதான் பிரிவு என்று அந்த இடத்தில் ஒரு கல்லில் ஐரிஷ் மொழியில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

எதற்காகப் போனார்கள்? 1845ல் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. ஏழை ஜனங்களுக்கு அதுவே சோறு. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் நாட்டைவிட்டுக் கப்பலேறினார்கள். 1841ல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 1851ல் 65 லட்சம் ஆகிவிட்டது. பஞ்சம் தீர்ந்தும் கப்பல்கள் நிற்கவில்லை. அடுத்த தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும் போய்க்கொண்டே இருந்தன.

புறப்படுவதற்கு முன்னிரவில் வீட்டில் ஊர் கூடும். பாட்டு, ஆட்டம், பிடில் வாத்தியம், சாப்பாடு எல்லாம் உண்டு. நடுநடுவே ஒப்பாரியும் உண்டு. ஏனென்றால், இறந்தவரின் உடலருகே இரவு முழுதும் விழித்திருக்கும் சடங்குக்கு என்ன பெயரோ அதையே இந்த இரவுக்கும் வைத்தார்கள்: 'அமெரிக்க விழிப்பு'. பதினெட்டு வயதுப் பெண் உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள்; தாய் அவளுக்காக இழவு காக்கிறாள். கப்பல் கூலியை மிச்சம் பிடித்துத் திரும்பி வந்தவர்கள் வெகு சொற்பம் என்பது அந்தத் தாய்க்குத் தெரியும்.

நாம் விடைபெறும்போது "போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் கோபித்துக் கொள்வார்கள். "போய் வருகிறேன்" என்று சொல்லவேண்டும். அதில் ஒரு வாக்குறுதி இருக்கிறது. ஸ்லானில் அந்த வாக்குறுதி கிடையாது. வருவேன் என்று அது சொல்வதில்லை. வா என்று கேட்பதும் இல்லை. போகிற இடத்தில் நீ முழுசாக இரு, இருக்கிற இடத்தில் நீ முழுசாக இரு என்பதோடு சரி. அந்தப் பாலத்தின்மேல் பொய் கலக்காமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தாய் 'லியத்' என்றாள். மகள் 'அகத்' என்றாள்.

இதிலே இன்னொரு வேதனையும் ஒளிந்திருக்கிறது. அந்தத் தாய்க்குத் தெரிந்தது ஐரிஷ். மகளுக்கு அவள் தர விரும்பியது ஆங்கிலம். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் ஐரிஷ் சோறு போடாது அல்லவா? 1831ல் ஏற்பட்ட அரசாங்கப் பள்ளிகளில் போதனை ஆங்கிலத்திலேதான். பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டி, அவன் வாயிலிருந்து ஐரிஷ் சொல் வரும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு வெட்டி, வெட்டுக்களை எண்ணி அடி கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. வீட்டிலே ஐரிஷ் பேசினான் என்று வெட்டு வைத்துப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர்களும் உண்டு. அவர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை வயிறு நிறையவேண்டும் என்று நினைத்தார்கள். வெட்டு விழுந்த சொற்களிலே ஸ்லானும் இருந்திருக்கும்.

1851ல் முதன்முதலாகக் குடிக்கணக்கில் பாஷையைப் பற்றிக் கேட்டபோது 15 லட்சத்துச் சொச்சம் பேர் ஐரிஷ் பேசுவதாகப் பதிவாயிற்று. நாற்பதே ஆண்டுகளில், 1891ல், அது 7 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 1893ல் டக்ளஸ் ஹைட் முதலியவர்கள் பாஷையைக் காக்க ஒரு சங்கம் கண்டார்கள். பின்னால் 1938ல் அந்த ஹைடே நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார். 1937ல் இயற்றிய அரசியல் சட்டம் ஐரிஷே முதல் ஆட்சிமொழி என்கிறது. சட்டத்தில் முதலிடம் கொடுப்பது சுலபம். அடுப்பங்கரையில் இடம் கொடுப்பதுதான் கஷ்டம்.

அடுப்பங்கரையில் ஐரிஷ் மட்டுமே ஒலித்த இடம் ஒன்று, தென்மேற்கில் கெர்ரி ஜில்லாக் கரைக்கு அப்பால் இருந்தது. பெரிய பிளாஸ்கெட் என்ற தீவு. கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெதிரே தெரியும். நடுவில் உள்ள கடலோ பொல்லாதது. கடை இல்லை, கோயில் இல்லை, வைத்தியர் இல்லை. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டித் தார் பூசிய படகுதான் வாகனம். ஒரு காலத்தில் 150 பேருக்கு மேல் இருந்த அந்தத் தீவிலிருந்து உலகம் படித்த நூல்கள் வந்தன. மீனவரான தோமாஸ் ஓ க்ரிஹன் எழுதிய 'தீவுக்காரன்' 1929ல் வெளியாயிற்று. பேக் சேயர்ஸ் என்ற பாட்டியின் சுயசரிதை 1936ல் வந்தது. பேக் பாட்டியின் பிள்ளைகள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். ஒரு மகன் மட்டும் திரும்பி வந்தான். பாட்டி கதை சொல்லச் சொல்ல எழுதி எடுத்தவர்களில் அந்த மகனும் ஒருவன். (பிற்காலத்தில் அந்தப் புத்தகத்தைப் பாடமாக வைத்துவிட்டார்கள். பாட்டியின் துக்கங்களையெல்லாம் பரீட்சைக்குப் படிக்க நேர்ந்த பல தலைமுறைப் பிள்ளைகள் இன்றும் அவர் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். பாடப் புத்தகம் ஆவதைவிடப் பெரிய தண்டனை ஓர் இலக்கியத்துக்கு உண்டா?)

இளையவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 1941ல் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. 1946-47 குளிர்காலத்தில் ஓர் இளைஞன் நோயில் விழுந்தான். புயலில் வைத்தியரும் வர முடியவில்லை, பாதிரியாரும் வர முடியவில்லை, இறந்துபோனான். அதே 1947ல் உணவுக்கு வழியில்லாமல் பிரதமர் டி வலேராவுக்குத் தீவிலிருந்து தந்தி போயிற்று. கடைசியில் தீவுக்காரர்களே தங்களைக் கரைக்கு அழைத்துக்கொள்ளும்படி கேட்டார்கள். 1953 நவம்பர் 17ஆம் தேதி அந்தக் குடிபெயர்ப்பு தொடங்கியது. எஞ்சியிருந்தவர்கள் 22 பேர். அன்றும் கடல் சரியாக இல்லை. எல்லோரும் ஒரே நாளில் வரமுடியவில்லை.

இங்கேதான் நம் வாத்தியாரின் கேள்வி திரும்ப வந்து நிற்கிறது. புறப்படுவது யார், இருப்பது யார்? பல வருஷங்களாக அந்தத் தீவில் படகேறியவர்கள் எல்லோரும் கரையில் நின்றவர்களைப் பார்த்து 'ஸ்லான் அகத்' என்று சொல்லியிருக்கிறார்கள். கடைசிப் படகில் ஏறியவர்கள் அதை யாரிடம் சொல்வார்கள்? கல் வீடுகளிடமா, செம்மறி ஆடுகளிடமா? ஒரு சொல் செத்துப்போவதற்குப் பேசுகிறவர்கள் எல்லோரும் சாகவேண்டும் என்பதில்லை. 'உன்னிடம் இருக்கட்டும்' என்று சொல்வதற்கு ஓர் ஆள் அங்கே இல்லாமல் போனால் போதும்.

நல்ல வேளையாக அவர்கள் வந்து இறங்கிய எதிர்க்கரை டன்குவினிலும் ஜனங்கள் ஐரிஷ்தான் பேசினார்கள். அந்தப் பக்கத்தில் இன்றும் அது வீட்டுப் பாஷையாக இருக்கிறது. 2022ஆம் வருஷத்துக் குடிக்கணக்கில், அயர்லாந்துக் குடியரசில் ஐரிஷ் பேச வரும் என்று சொன்னவர்கள் 18,73,997 பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினந்தோறும் பேசுகிறவர்கள் 71,968 பேர். முதல் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது எண்ணைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் அந்த 18 லட்சத்தில் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்த சொல் ஒன்று உண்டென்றால் அது ஸ்லானாகத்தான் இருக்கும். ஆங்கிலத்திலேயே நாள் முழுதும் பேசிவிட்டு, கடிதத்தின் அடியிலும் ரேடியோ செய்தியின் முடிவிலும் அந்த ஒரு சொல்லை மட்டும் பாட்டி வீட்டுச் சொம்பு மாதிரி எடுத்து வைக்கிறவர்கள் பலர். அவர்களிடம் 'லியத்'தா, 'அகத்'தா என்று கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்.

நமக்கு அந்தச் சந்தேகம் இல்லை. நீங்கள் இப்போது பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போகப் போகிறீர்கள். நான் இந்தப் பக்கத்திலேயே இருக்கப் போகிறேன். நீங்களோ பல பேர். ஆகவே, ஸ்லான் லிவ்!